நிலவறையில் ஒலிக்கும் இருபது பெயர்கள்

ஜெர்மனி நாட்டின் வடபகுதியில், எல்ப் ஆற்றங்கரையில், ஹம்பர்க் என்னும் பெரிய துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்தில் ரோத்தன்பர்க்ஸோர்ட் என்றொரு பகுதி. தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும் நிறைந்த இடம். அங்கே புல்லன்ஹூசர் டாம் என்ற தெருவில் பெரிய பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று நிற்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதம் 20-ஆம் நாளன்று இங்கே ஒரு நினைவு நிகழ்ச்சி நடைபெறுகிறது. வெளிநாடுகளிலிருந்து சிலர் வருகிறார்கள். பட்டினத்துப் பெரியவர்கள் வருகிறார்கள். ஹம்பர்க் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களும் வருகிறார்கள். அந்த மாணவர்கள் எழுந்து நின்று பெயர்களை வாசிக்கிறார்கள். ஒரு பெயர், ஒரு வயது, ஓர் ஊர். அடுத்து இன்னொரு பெயர். இப்படி இருபது பெயர்கள்.

இந்த இருபது பேரும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர். அந்த ஊர்க்காரர்களும் அல்லர். ஒரே ஓர் இரவுதான் அவர்கள் அந்தப் பள்ளிக்குள் இருந்தார்கள். அந்த இரவு விடிவதை அவர்கள் பார்க்கவில்லை. அவர்களில் மிகச் சிறியவருக்கு வயது 5. மூத்தவர்களுக்கு வயது 12. நம் தமிழ்ப்பள்ளிக் கணக்கில் சொன்னால், பாலர் வகுப்பு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகள்.

ஆசிரியர் தொழிலில் இருக்கும் எனக்கு, ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கதையை எழுதக் கை நடுங்குகிறது. ஆனாலும் எழுதவேண்டும். ஏனென்றால் இது சாவின் கதை மட்டுமல்ல. மறைத்து வைக்கப்பட்ட ஓர் உண்மையைப் பெரியவர்கள் வெளியே கொண்டுவந்து, பிள்ளைகள் கையில் ஒப்படைத்த கதையும் ஆகும்.

யார் அந்தப் பிள்ளைகள்?

1933-இல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைப் பிடித்தார். அவருடைய நாஜிக் கட்சி யூத இனத்தவர்மீது வெறுப்பை வளர்த்தது. முதலில் வேலையைப் பறித்தார்கள். பிறகு சட்டம் போட்டு உரிமையைப் பறித்தார்கள். போர் மூண்டபின் வீட்டைப் பறித்து, ஊரைவிட்டு ரயிலேற்றி, உயிரையும் பறித்தார்கள். ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் குழந்தைகள். இதைத்தான் உலகம் ஹோலோகாஸ்ட் என்கிறது. யூத இனப்படுகொலை என்று நாம் சொல்லலாம்.

15 இலட்சம் என்ற எண்ணை மனத்தில் வைத்து அழுவது கடினம். ஆகவே அந்த இருபது பேரில் சிலரை மட்டும் பார்ப்போம்.

எடுவார்ட் ஹார்னமன், அலெக்சாண்டர் ஹார்னமன் என்று இரண்டு சகோதரர்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துப் பிள்ளைகள். அவர்களுடைய தகப்பனார் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் லயத்து வீடுகளில் நாம் பாட்டுக் கேட்ட பிலிப்ஸ் வானொலி வந்ததே, அதே பிலிப்ஸ்தான்.

ஜாக்குலின் மோர்கென்ஸ்டெர்ன், பிரான்ஸின் பாரிஸ் நகரத்துச் சிறுமி. அவளுடைய குடும்பம் முடிதிருத்தும் கடை வைத்துப் பிழைத்தது. ரோமன், எலியோனோரா இருவரும் போலந்து நாட்டு அண்ணன் தங்கை. அவர்களின் தகப்பனார் குழந்தை மருத்துவர்.

செர்ஜியோ டி சிமோன், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பையன். தகப்பனார் ஊரில் இல்லாத நேரத்தில் தாய் அவனை அழைத்துக்கொண்டு பியூமே என்ற ஊரிலிருந்த தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே 1944-இல் குடும்பம் முழுவதும் பிடிபட்டது. போலந்திலிருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். செர்ஜியோவோடு அவனுடைய தாயின் சகோதரி மகள்கள் இருவர், தாத்தியானாவும் ஆந்திராவும், அதே முகாமில் பிள்ளைகளின் கொட்டகையில் அடைக்கப்பட்டார்கள்.

அந்தச் சகோதரிகள் இருவரும் உயிர் பிழைத்தார்கள். பெரியவர்களான பிறகு அவர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. கொட்டகையைப் பார்த்துக்கொண்ட பெண் ஒருநாள் அவர்களைத் தனியே அழைத்து எச்சரித்தாள். 'அம்மாவைப் பார்க்க ஆசையுள்ளவர்கள் முன்னால் வாருங்கள் என்று கேட்பார்கள். நீங்கள் போகாதீர்கள்' என்றாள். சகோதரிகள் இதைச் செர்ஜியோவிடமும் சொன்னார்கள். ஆனால் அந்தக் கேள்வி வந்தபோது ஆறு வயதுப் பையனின் கால்கள் தாமாகவே முன்னே நடந்துவிட்டன. அம்மாவைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையையே தூண்டில் முள்ளாக்கினார்கள் அந்தப் பாவிகள்.

இப்படிப் பத்து ஆண் பிள்ளைகளும் பத்துப் பெண் பிள்ளைகளும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1944 நவம்பர் இறுதியில் ஹம்பர்க் அருகேயுள்ள நொயன்காமே வதைமுகாமுக்கு ரயிலில் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த நவம்பரில்தான் செர்ஜியோவுக்கு ஏழு வயது நிறைந்தது.

ஒரு டாக்டரின் பேராசை

எதற்காக இருபது குழந்தைகள்? இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும்.

குர்ட் ஹைஸ்மயர் என்பவர் ஒரு டாக்டர். நுரையீரல் நோய்களைப் பற்றிப் படித்தவர். பேராசிரியர் பட்டம் பெறவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டது. காசநோய்க்கு, அதாவது நம் பெரியவர்கள் எலும்புருக்கி என்று சொல்லும் நோய்க்கு, புது வைத்தியம் கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னார். அவர் கையாண்ட யோசனை தவறு என்பது மருத்துவ உலகுக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆயினும் நாஜி அதிகாரிகள் அவருக்கு அனுமதி தந்தார்கள். முதலில் பெரியவர்களான கைதிகள்மீது சோதித்தார். பிறகு குழந்தைகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

உயிருள்ள காசநோய்க் கிருமிகளை அந்தப் பிள்ளைகளின் உடம்பில் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது, உடல் மெலிந்தது. பிறகு அக்குளில் கீறி, அங்கிருந்த நிணநீர்க் கட்டிகளை வெட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கையை உயர்த்தி வெட்டுக் காயத்தைக் காட்டி நிற்க, புகைப்படம் எடுத்து வைத்தார்கள்.

அதே முகாமில் வேறு இரண்டு டாக்டர்களும் இருந்தார்கள். கேப்ரியல் ஃப்ளோரன்ஸ், ரெனே கெனூய் என்ற பிரெஞ்சுக்காரர்கள். இருவருமே கைதிகள். டிர்க் டோய்டெகோம், அன்டன் ஹோல்செல் என்ற நெதர்லாந்துக் கைதிகள் இருவரும் அவர்களோடு சேர்ந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார்கள். தங்களுக்கே நாளை உயிர் இருக்குமா என்று தெரியாத நிலையில், பிறர் பெற்ற பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனுமாக இருந்தவர்கள் இவர்கள்.

தோட்டத்தில் எந்தத் தாயைக் கேட்டாலும், 'என் பிள்ளை டாக்டராக வேண்டும்' என்றுதான் சொல்கிறாள். நல்ல ஆசைதான். ஆனால் ஒரே முகாமில் இரண்டு விதமான டாக்டர்களைப் பாருங்கள். படிப்பு இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பக்கத்தில் இரக்கம் இல்லை, அவ்வளவுதான். கல்வி கத்தியைப் போன்றது. அதைப் பிடிக்கும் கைக்கு இரக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்காவிட்டால், கற்ற கல்வியே கொலைக் கருவியாகிவிடும்.

1945 ஏப்ரல் 20

போர் முடியும் காலம் நெருங்கியது. பிரிட்டிஷ் படைகள் ஹம்பர்க்கை நெருங்கிக்கொண்டிருந்தன. செய்த கொடுமைக்குச் சாட்சியாக இருபது பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். என்ன செய்வது? பெர்லினிலிருந்து உத்தரவு வந்தது. பிள்ளைகளும் இருக்கக் கூடாது, அவர்களைப் பராமரித்தவர்களும் இருக்கக் கூடாது.

புல்லன்ஹூசர் டாம் பள்ளிக்கூடம் அப்போது காலியாக இருந்தது. 1943 ஜூலையில் நடந்த பெருங்குண்டு வீச்சில் அந்தப் பகுதி முழுவதும் இடிந்து எரிந்தது. பள்ளிக் கட்டடம் மட்டும் பெரிய சேதமில்லாமல் தப்பியது. பிறகு அதை நொயன்காமே முகாமின் கிளையாக்கி, இடிபாடுகளை அகற்றும் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களும் வேறிடம் கொண்டுபோகப்பட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 20 இரவு ஒரு லாரியில் பிள்ளைகளை ஏற்றினார்கள். அந்த நால்வரையும் சில சோவியத் கைதிகளையும் உடன் ஏற்றினார்கள். பள்ளியின் நிலவறையில் முதலில் பெரியவர்களைத் தூக்கிலிட்டார்கள். பிறகு பிள்ளைகளுக்கு மயக்க ஊசி போட்டு, அவர்களையும் தூக்கிலிட்டார்கள். அதே இரவில் இன்னும் பல சோவியத் கைதிகளும் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்களோ இன்றுவரை பெரும்பாலும் தெரியவில்லை.

இதற்கு மேல் நான் விவரிக்க விரும்பவில்லை. இரண்டு வாரம் சென்று, மே 3-ஆம் நாள், பிரிட்டிஷ் படை ஹம்பர்க்கினுள் நுழைந்தது. இரண்டே இரண்டு வாரம்!

பூட்டிய வாயும் திறந்த பள்ளியும்

1946-இல் ஹம்பர்க்கில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் நொயன்காமே அதிகாரிகளை விசாரித்தது. அந்த இரவில் ஊசி போட்ட முகாம் டாக்டர் உட்படப் பலருக்கு மரண தண்டனை கிடைத்தது.

ஆனால் ஹைஸ்மயர் தப்பிவிட்டார். கிழக்கு ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் நுரையீரல் டாக்டராக, மதிப்போடு, ஆண்டுக்கணக்கில் தொழில் நடத்தினார். 1963-இல்தான் கைது செய்யப்பட்டார். அவர் மண்ணில் புதைத்து வைத்திருந்த பெட்டி அகப்பட்டது. கையைத் தூக்கி நிற்கும் பிள்ளைகளின் புகைப்படங்கள் அதற்குள் இருந்தன. 1966-இல் ஆயுள் தண்டனை பெற்று, மறு ஆண்டே சிறையில் இறந்தார்.

அன்றைய மேற்கு ஜெர்மனியில் நடந்தது இன்னும் வேதனை. கொலையில் பங்கு உண்டு என்று குற்றம் சாட்டப்பட்ட எஸ்.எஸ். படை அதிகாரி ஆர்னல்ட் ஷ்டிரிப்பெல்மீது நடந்த விசாரணையை 1967-இல் அரசு வழக்குத் தரப்பு மூடிவிட்டது. உயிர் போனதைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்கு வேறு துன்பம் நேரவில்லை என்ற பொருளில் அதற்குக் காரணம் எழுதினார்கள். படித்தவர் எழுதிய வாசகம்தான் இதுவும்! பின்னாளில் மீண்டும் வழக்குத் தொடரப்பட்டது. உடல்நலம் சரியில்லை என்று 1987-இல் அதுவும் கைவிடப்பட்டது.

இதற்கிடையே 1948-இல் அந்தக் கட்டடத்தில் மறுபடியும் பள்ளி திறந்தார்கள். மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள், ஓடினார்கள், விளையாடினார்கள். முகாமில் இருந்து பிழைத்த முன்னாள் கைதிகள் மட்டும் மறவாமல் மலர் கொண்டுவந்தார்கள். பின்னர் ஒரு நினைவுப் பலகையும் வைக்கப்பட்டது. ஆனால் ஊர் அதைப் பேசவில்லை. பாரிஸிலும் நேப்பிள்ஸிலும் இருந்த குடும்பத்தாருக்குத் தங்கள் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை.

செர்ஜியோவின் தாய் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பினார். மகன் எங்கேயோ இருக்கிறான், ஒருநாள் வருவான் என்றே பல ஆண்டுகள் காத்திருந்தார். காத்திருந்த அந்தத் தாயின் வேதனைக்கு அந்த ஊரின் மௌனமும் ஒரு காரணம் அல்லவா?

ஒரு பத்திரிகையாளரின் தேடல்

1970களின் பிற்பகுதியில் குந்தர் ஷ்வார்பர்க் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் இந்தக் கதையைத் தேடிப் போனார். 'ஸ்டெர்ன்' என்ற வார இதழில் பணியாற்றியவர். அவருடைய துணைவியார் பார்பரா ஹூசிங் ஒரு வழக்கறிஞர். இருவரும் சேர்ந்து தேடினார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான துரும்பு ஒரு பெயர்ப் பட்டியல். நொயன்காமேயில் கைதியாக இருந்த டென்மார்க் டாக்டர் ஒருவர் பிள்ளைகளின் பெயர்களைக் குறித்து வைத்திருந்தார். எழுத்துப் பிழையோடும், சிலருக்கு முதலெழுத்து மட்டுமாகவும் இருந்த அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாடு நாடாக உறவினரைத் தேடினார்கள். ஒரு குடும்பம் கிடைத்தது. பிறகு இன்னொன்று. கதவைத் தட்டி, 'உங்கள் பிள்ளை உயிரோடு இல்லை' என்று முப்பது ஆண்டுகள் கழித்துச் சொல்லவேண்டிய கொடுமையான வேலை அது.

1979-இல் ஷ்வார்பர்க் எழுதிய தொடர் கட்டுரை வெளிவந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று உறவினர்கள் ஹம்பர்க்குக்கு வந்தார்கள். பள்ளியில் நடந்த நினைவு நிகழ்ச்சிக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். பிள்ளைகளின் நினைவுக்கென ஒரு சங்கமும் அதே ஆண்டில் தோன்றியது.

1980-இல் பள்ளிக்கே புதுப் பெயர் சூட்டினார்கள். யானுஷ் கோர்ச்சாக் பள்ளி. கோர்ச்சாக் யார் தெரியுமா? போலந்தின் வார்சா நகரில் அநாதைப் பிள்ளைகளின் இல்லம் நடத்திய ஆசிரியர். அவரும் ஒரு டாக்டர்தான்! 1942 ஆகஸ்டில் இல்லத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 200 பேரைக் கொலைமுகாமுக்குக் கொண்டுபோக வந்தபோது, தப்பிக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. அவர் போகவில்லை. பிள்ளைகளோடு நடந்து, பிள்ளைகளோடு ரயிலேறி, பிள்ளைகளோடு இறந்தார்.

1985-இல் பள்ளிக்குப் பின்புறம் ஒரு ரோஜாத் தோட்டம் அமைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து ஒரு ரோஜாச் செடி நடலாம். வேலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நினைவுப் பலகை உண்டு. 1987-இல் பள்ளி மூடப்பட்டது. நிலவறை நினைவகமாக நிலைத்துவிட்டது. ஹம்பர்க்கின் வேறொரு பகுதியான பர்க்வேடலில் புதுக் குடியிருப்பு எழுந்தபோது, அங்குள்ள தெருக்களுக்கு இந்தப் பிள்ளைகளின் பெயர்களை வைத்தார்கள். ரோமன் செல்லர் என்ற 12 வயதுப் பையனின் பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது. தபால்காரர் நாள்தோறும் அந்தப் பெயர்களைப் படித்துத்தான் கடிதம் கொடுக்கிறார்.

மாணவர்கள் செய்வது என்ன?

ஏப்ரல் 20 நிகழ்ச்சிக்கு மாணவர்கள் சும்மா வந்து வரிசையில் நிற்பதில்லை. முன்னதாகவே வகுப்பில் ஆயத்தம் செய்கிறார்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு படிக்கிறார்கள். அவன் எந்த ஊர்? வீட்டில் யார் யார்? அப்பா என்ன வேலை செய்தார்? கிடைத்த புகைப்படத்தில் என்ன உடை அணிந்திருக்கிறான்? இவற்றைத் தெரிந்துகொண்டபின் நிகழ்ச்சியில் பேசுகிறார்கள், பெயர் வாசிக்கிறார்கள், இசைக்கிறார்கள், மலர் வைக்கிறார்கள். எதிரே இறந்த பிள்ளையின் தம்பியோ தங்கையோ, அண்ணன் மகனோ, தலை நரைத்தவராக உட்கார்ந்திருப்பார்.

பெயர் வாசிப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு அந்த ஆள் உண்டு. பெயர் விடுபட்டால் அவருக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. வகுப்பறையிலும் அப்படித்தான். நான் பெயர் கூப்பிட, 'உள்ளேன் ஐயா' என்று பிள்ளை சொல்லும்போது, 'நான் ஒருவன் இங்கே இருக்கிறேன்' என்று அது உலகத்துக்கு அறிவிக்கிறது.

வதைமுகாமில் பெயர் கூப்பிடவில்லை. ஆஷ்விட்ஸில் கைதிகளின் கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். செர்ஜியோவோடு இருந்த சின்னப் பெண்களின் கையிலும் குத்தினார்கள். பெயரை எடுத்துவிட்டு எண்ணைக் கொடுத்தால், பிறகு அந்த எண்ணை அழிப்பது எளிது. ஆகவேதான் பெயரைத் திருப்பிக் கொடுப்பது அத்தனை பெரிய காரியமாகிறது.

ஒரு பையனின் கதையைச் சொன்னால் விளங்கும். டென்மார்க் டாக்டரின் பட்டியலில் அவனுக்கு 'டபிள்யூ' என்ற முதலெழுத்தும் ஒரு குடும்பப் பெயரும்தான் இருந்தன. எந்த நாடு என்பதுகூடத் தெளிவில்லை. நினைவு நிகழ்ச்சிகளில் ஆண்டுதோறும் அந்த ஒற்றை எழுத்தையே வாசித்துவந்தார்கள். ஆனால் தேடலை விடவில்லை. 2015-இல் விடை கிடைத்தது. வால்டர் யுங்லைப். ஸ்லோவாக்கியா நாட்டுப் பையன். வயது 12. அவனுடைய சகோதரி இஸ்ரேல் நாட்டில் உயிரோடு இருந்தார். தம் தம்பிக்கு என்ன ஆயிற்று என்பதை எழுபது ஆண்டுகள் கழித்து அறிந்துகொண்டார். ஓர் எழுத்து ஒரு பெயரானது. ஒரு பெயர் ஒரு பிள்ளையானது.

நாமும் ஒருமுறை வாசிப்போம்:

மானியா ஆல்ட்மன், லெல்கா பிர்ன்பாம், சுர்சிஸ் கோல்டிங்கர், ரிவ்கா ஹெர்ஷ்பெர்க், அலெக்சாண்டர் ஹார்னமன், எடுவார்ட் ஹார்னமன், மாரெக் ஜேம்ஸ், வால்டர் யுங்லைப், லேயா கிளிகர்மன், ஜார்ஜ் ஆந்த்ரே கோன், புளுமெல் மெக்லர், ஜாக்குலின் மோர்கென்ஸ்டெர்ன், எடுவார்ட் ரைக்கென்பாம், மாரெக் ஷ்டைன்பாம், எச். வாசர்மன் என்று முதலெழுத்தோடு குறிக்கப்பட்ட சிறுமி, எலியோனோரா விட்டோன்ஸ்கா, ரோமன் விட்டோன்ஸ்கி, ரோமன் செல்லர், ருக்லா சில்பெர்பெர்க், செர்ஜியோ டி சிமோன்.

நம் வாய்க்குப் பழக்கமில்லாத பெயர்கள்தாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு தாய் ஆசையோடு வைத்துக் கூப்பிட்ட பெயர்.

பிள்ளைகளிடம் சொல்லலாமா?

'இப்படிப்பட்ட பயங்கரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? இராத்திரி தூக்கத்தில் அலற மாட்டார்களா?' என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஹம்பர்க்கில் அவர்கள் கடைப்பிடிக்கும் முறையில் இதற்கு விடை இருக்கிறது.

முதலாவது, சாவிலிருந்து தொடங்குவதில்லை. அந்தப் பிள்ளை எப்படி வாழ்ந்தது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு பிள்ளையை முதலில் நண்பனாக்கிவிட்டுப் பிறகுதான் அதற்கு நேர்ந்ததைச் சொல்கிறார்கள். இரண்டாவது, கோரத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில்லை. வயதுக்குத் தக்க அளவில் சொல்கிறார்கள். மூன்றாவது, வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒரு செடி நடு, ஒரு பெயரை வாசி, ஒரு பூ வை என்று ஏதேனும் ஒரு வேலையைத் தருகிறார்கள். துக்கத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் பிள்ளையைப் பயமுறுத்தும். கைக்கு ஒரு வேலை இருந்தால் அந்தத் துக்கம் இரக்கமாக மாறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நிகழ்ச்சியில் பெயர் வாசிக்கும் ஜெர்மானியப் பிள்ளைகள் யாரும் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்லர். அவர்களுடைய பெற்றோரும் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆயினும், 'எங்கள் ஊரில் நடந்தது, ஆகவே நினைவில் வைப்பது எங்கள் கடமை' என்று நிற்கிறார்கள். தங்கள் நாட்டுக்கு அவமானமான செய்தியை மறைக்காமல் தங்கள் பிள்ளைகளுக்கே கற்பிக்க ஒரு சமுதாயத்துக்கு மனவலிமை வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை ஜனவரி 27-ஆம் நாளை யூத இனப்படுகொலை நினைவு நாளாக 2005-இல் அறிவித்தது. அது உலகம் முழுவதற்கும் பொதுவான நாள். ஏப்ரல் 20 அந்த ஊருக்கே உரிய நாள். 'எங்கோ நடந்தது' என்பதற்கும் 'இந்தப் படிக்கட்டின் கீழே நடந்தது' என்பதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா?

உலகில் இன்றும் போர்கள் நடக்கின்றன. பிள்ளைகள் மடிகிறார்கள். எந்த நாட்டுப் பிள்ளை, எந்த இனத்துப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை என்று பார்த்து இரங்குவது இரக்கமே அல்ல. செர்ஜியோவுக்காகக் கண் கலங்கத் தெரிந்த பிள்ளை, நாளை தன் வகுப்பில் வேறு நிறத்தில், வேறு மொழியில், கிழிந்த சட்டையில் வந்து உட்காரும் பிள்ளையைக் கேலி செய்யாது. இந்தப் பாடத்தின் பயன் அதுதான்.

பெயர் தெரியாத நம்மவர்கள்

அதே உலகப் போர் நம் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் பர்மாவுக்கும் சயாமுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். அது வேறு கொடுமை, இது வேறு கொடுமை. இரண்டையும் ஒன்றாக்கவேண்டியதில்லை. ஆனால் பெயரைப் பொறுத்தவரை ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் தொழிலாளர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுடைய பெயர்கள் இருப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே. அந்தப் பெரியவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போகிறார்கள்.

பெற்றோர்களே, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பாட்டியிடம் உட்காரச் சொல்லி, உங்கள் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். சயாமுக்குப் போனவர் யார்? அவருக்கு அப்பா வைத்த பெயர் என்ன? எந்தத் தோட்டம்? என்ன வயது? பெயர் மறந்துபோயிருந்தால் முதலெழுத்தையாவது எழுதி வைக்கட்டும். ஹம்பர்க்கில் ஒற்றை எழுத்தைக்கூடத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் வால்டர் என்ற பிள்ளை தன் சகோதரியிடம் பெயராகவேனும் திரும்பிச் சேர்ந்தான்.